தெரு ட்யூஷனா, தனி வாத்தியாரா, ஆப்பா, வீட்டிலேயே சொல்லித் தருவதா? பெங்களூருத் தமிழ் வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

முதல் யூனிட் டெஸ்ட் பேப்பர் பையிலிருந்து வெளியே வரும் அன்று பேச்சு ஆரம்பிக்கும். கணக்கில் 40-க்கு 17. அம்மா பக்கத்துத் தெரு ட்யூஷன் என்பார். அப்பாவுக்கு ஆபீஸில் யாரோ சொன்ன ஆப் ஞாபகம் வரும். சேலத்திலிருந்து வந்திருக்கும் தாத்தா, "எதுக்குக் காசு, நான் சொல்லித் தரேன்" என்பார். பெலந்தூர் அபார்ட்மென்ட் ஆனாலும் சரி, லிங்கராஜபுரத்து மாடி வீடு ஆனாலும் சரி, அடுத்த இரண்டு வாரத்துக்கு வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நான்கில் எது?

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, பெரும்பாலும் கணக்குப் பாடத்தை வைத்து இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. நீட், ஜேஇஇ கோச்சிங் வேறு உலகம். அது இங்கே இல்லை.

## "பர்சனலைஸ்டு" என்று எதை விற்கிறார்கள்?

"பிள்ளைக்கேற்ற பாடம்" என்று பொருள்படும் இந்த ஒரே சொல்லை வைத்து மூன்று சரக்கு விற்கிறார்கள். முதலாவது வேகம்: வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இது பயனுள்ளதுதான், ஆனால் யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவது நிலை: பிள்ளை ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு ஐந்தாம் வகுப்பில் நின்றிருந்தால், அங்கிருந்து தொடங்குவது. காசு கொடுக்கத் தகுந்தது இதுதான். மூன்றாவது "உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா" என்ற கற்றல் பாணி. 2008-இல் ஹெரால்டு பாஷ்லரும் சக உளவியலாளர்களும் இதற்கான ஆய்வுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். கைரேகை எடுத்து "மூளைத் திறன் ரிப்போர்ட்" கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ரிப்போர்ட்டுக்குப் போகும் பணத்தில் நல்ல வாத்தியாரிடம் நாலைந்து வகுப்பு எடுக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நிலை: பிள்ளை எங்கே நிற்கிறது என்று தொடங்கும்போதே பார்க்கிறார்களா, அல்லது பள்ளியில் நடக்கும் பாடத்தையே மறுபடி நடத்துகிறார்களா?

வழி: விடை தப்பு என்று சொல்வது சுலபம். எந்த வரியில் தப்பியது என்று நோட்டைப் பார்ப்பது யார்? இந்தக் கட்டுரையில் அதிக எடை இதற்குத்தான். ஆய்வாளர் கர்ட் வான்லேன் 2011-இல் தனிப்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனித ஆசிரியரின் பலன் சுமார் 0.79 திட்ட விலக்கம் என்று வந்தது (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை வைத்துப் பலனை அளக்கும் அலகு இது; எண் பெரிதானால் பலன் அதிகம்). ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும் மென்பொருளுக்கு 0.76. கடைசி விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு 0.31. மனிதரா மெஷினா என்பதைவிட, படியைப் பார்க்கிறதா விடையைப் பார்க்கிறதா என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

தாமதம்: தப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவே எத்தனை நாள்? ஒரு வாரம் கழித்துத் திருத்திய நோட்டைப் பிள்ளை திரும்பிப் பார்க்காது.

உண்மையான செலவு: ஃபீஸ், ஜிஎஸ்டி, ஆட்டோ, உங்கள் நேரம் எல்லாம் சேர்த்து.

வெளியேறும் வழி: சரிப்படவில்லை என்றால் எத்தனை நாளில், எவ்வளவு நஷ்டத்தில் விலகலாம்?

## எதற்கும் முன், அரைமணி நேரப் பரிசோதனை

நான்கில் எதைத் தேர்ந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாள், பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லை, நேர வரம்பு இல்லை. "வழியை அழிக்காமல் எழுது" என்பது மட்டும் விதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படி:

1. 403 − 178
2. 56 × 27
3. 7218 ÷ 6
4. 3/4, 5/8 – எது பெரியது?
5. 2/3 + 1/4
6. 0.35, 0.4 – எது பெரியது?
7. 0.6 × 0.3
8. −3 − 5
9. 240-இல் 15 சதவீதம்
10. 3(x − 2) = 12 என்றால் x எவ்வளவு?

சரியான விடைகள்: 225, 1512, 1203, 3/4, 11/12, 0.4, 0.18, −8, 36, 6. ஆனால் மதிப்பெண்ணை எண்ணாதீர்கள், தப்பைப் படியுங்கள். முதல் கணக்குக்கு 375 என்று வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவே இல்லை. இரண்டாவதுக்கு 504 என்றால் பெருக்கலின் இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுதவில்லை. மூன்றாவதுக்கு 123 என்றால் ஈவில் பூஜ்யம் போட மறந்திருக்கிறது. ஐந்தாவதுக்கு 3/7 என்று வந்தால் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு எனப் பல வகுப்புகளில் ஒட்டிக்கொண்டே வரும் தப்பு இது. ஆறாவதில் 0.35 பெரியது என்றால் 35-ஐ 4-ஓடு ஒப்பிட்டிருக்கிறது. பத்தாவதில் 14/3 வந்தால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டாவது உறுப்பைப் பெருக்க விட்டுவிட்டது.

முதல் மூன்றில் தடுமாற்றம் என்றால் ஓட்டை நாலாம் வகுப்புப் பக்கம். நாலிலிருந்து ஏழு வரை என்றால் ஐந்து, ஆறாம் வகுப்பு. எட்டு முதல் பத்து வரை மட்டும் என்றால் பிள்ளை பின்தங்கவில்லை. இந்த வருடப் பாடத்தில் பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான். இந்த மூன்று நிலைக்கும் மருந்து வேறு வேறு. "மேத்ஸ் வீக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி ட்யூஷனில் விடுவதால்தான் வருடம் முழுக்கப் பணம் கட்டியும் நிலைமை நகராமல் இருக்கிறது.

தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தெரு ட்யூஷன் | தனி வாத்தியார் | சந்தா ஆப் | இலவசக் கருவி + வீட்டுப் பெரியவர் |
|---|---|---|---|---|
| நிலையறிதல் | அரிது | ஆளைப் பொறுத்தது | ஆப்பைப் பொறுத்தது, சோதித்தே வாங்க வேண்டும் | நீங்களே செய்ய வேண்டும் |
| வழியைப் பார்ப்பது | சில நிமிடம் | முழு நேரமும் | பெரும்பாலும் விடை மட்டும் | நீங்கள் உட்கார்ந்தால் உண்டு |
| திருத்தம் வரும் நேரம் | அடுத்த நாள் அல்லது அதற்கும் மேல் | உடனே | விடைக்கு உடனே, வழிக்கு இல்லை | அன்று இரவே |
| மறைமுகச் செலவு | போக்குவரத்து, ஒரே அறையில் பல போர்டு | ஆள் மாற்றம், சார்ந்திருக்கும் பழக்கம் | கடன், நீண்ட ஒப்பந்தம், திரை நேரம் | உங்கள் நேரம், பொறுமை |
| விலகுவது | மாதக் கடைசியில் | சுலபம் | கடினம் | கேள்வியே இல்லை |

## தெரு ட்யூஷன்

ஒரு கணக்குப் போடுவோம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் பகுதி ஃபீஸை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் 2,500 ரூபாய், வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 30 மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு 83 ரூபாய். மலிவு. அறையில் பத்துப் பிள்ளை என்றால், உங்கள் பிள்ளையின் நோட்டின் மேல் ஆசிரியரின் கண் படும் நேரம் மாதம் மூன்று மணி. அந்தக் கவனத்தின் விலை மணிக்கு 833 ரூபாய். எதிர்வீட்டில் மணிக்கு 600 வாங்கும் தனி வாத்தியார் "காஸ்ட்லி" என்று சொல்லும் முன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

பெரிய குறை வேறு. ட்யூஷன் பள்ளியின் நிழலில் ஓடும். பள்ளியில் எந்தப் பாடமோ அதுவே அங்கும். ஒரே பாயில் ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ மூன்றும் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் மூன்றுக்கும் பொதுவானதைத்தான் நடத்த முடியும். பரிசோதனையில் நாலாவது, ஐந்தாவது கணக்கிலேயே விழுந்த பிள்ளைக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. பள்ளியில் ஒரு தடவை புரியாதது இங்கே இரண்டாம் தடவை புரியாமல் போகும்.

சிபிஎஸ்இ வீடுகளுக்கு இன்னொன்று. ஒன்பது, பத்தாம் வகுப்புத் தேர்வில் பாதி மதிப்பெண் திறன் சார்ந்த கேள்விகளுக்கு; பத்தியைப் படித்து, படத்தைப் பார்த்து, எந்தச் சூத்திரம் என்று தானே முடிவு செய்ய வேண்டியவை. முக்கியக் கேள்வி பதில்களை நோட்ஸாக எழுத வைத்து மனப்பாடம் செய்ய வைக்கும் ட்யூஷனுக்கு இது எட்டாது.

ஆனாலும் தெரு ட்யூஷனை ஏளனம் செய்ய முடியாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், நாலரையிலிருந்து ஏழு மணி வரை பிள்ளை ஓர் அக்காவின் கண் பார்வையில் பத்திரமாக இருக்கிறது என்பது பெரிய விஷயம். அதை அப்படியே ஒத்துக்கொண்டு, அதற்கான பணம் என்று நினைத்துக் கட்டினால் ஏமாற்றம் இல்லை. பரிசோதனையில் எட்டாவது முதல் பத்தாவது கணக்கு வரை மட்டும் தவறிய, தானாக உட்கார்ந்து படிக்காத பிள்ளைக்கும் இது போதும். எஸ்எஸ்எல்சி கடைசி மூன்று மாதத்தில் பழைய கேள்வித்தாள்களைக் கூட்டாக எழுதிப் பழகவும் நல்லது. பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கன்னடம் என்று வந்தால் தெரு ட்யூஷனுக்கு நிகர் கிடையாது. 2015-ஆம் வருடச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். தமிழில் ஒரே "க" இருக்கும் இடத்தில் கன்னடத்தில் நாலு எழுத்து. ஒலி வித்தியாசம் காதில் விழாததால் எழுத்தும் மாறும். அடுத்தது ஒத்தக்ஷரம், அதாவது கூட்டெழுத்தில் முதல் எழுத்துக்குக் கீழே தொங்கும் சின்ன எழுத்து. இதைத் திருத்த வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கேட்டு, நிறுத்தித் திருத்தும் ஓர் ஆள் வேண்டும். தினம் இருபது நிமிட டிக்டேஷன் எழுத வைக்கும் பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி எந்த ஆப்பையும்விட மேல்.

## தனி வாத்தியார், நேரிலோ ஆன்லைனிலோ

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையைத்தான் இந்த வியாபாரம் முழுக்க மேற்கோள் காட்டும்: தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்று. விற்பவர்கள் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அந்தப் பரிசோதனைகளில் ஒரு பாடத்தில் குறிப்பிட்ட தேர்ச்சி வராமல் அடுத்த பாடத்துக்குப் போகவே விடவில்லை. நம் வீட்டுக்கு வரும் சாரோ, நாளைக்கு ஹோம்வொர்க் என்ன என்று கேட்டு அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அது புளூம் சொன்ன தனிப்பயிற்சி இல்லை. ஹோம்வொர்க் சர்வீஸ்.

எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: வகுப்பு முடிந்ததும் நோட்டைப் பாருங்கள். யாருடைய கையெழுத்து அதிகம்? வாத்தியாருடையது பாதிக்கு மேல் என்றால் அவர்தான் கணக்குப் போடுகிறார்.

முதல் நாளே பரிசோதனைத் தாளைக் கையில் கொடுங்கள். நல்ல வாத்தியார் 3/7-ஐப் பார்த்ததும், "பள்ளிப் பாடத்தை மூன்று வாரம் ஓரமாக வைத்துப் பின்னத்தை முடித்துவிடலாமா?" என்று கேட்பார். "எல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்பவரைவிட அப்படிக் கேட்பவருக்கு மணிக்கு 200 ரூபாய் கூடக் கொடுக்கலாம். நாலு வகுப்புக்கு மட்டும் முதலில் பணம் கொடுங்கள். ஒரு "தப்பு நோட்டு" கேளுங்கள்: தேதி, கணக்கு, பிள்ளை செய்த தப்பு, சரியான வழி என வரிக்கு நாலு கட்டம். மாதம் பன்னிரண்டு வகுப்பில் அந்த நோட்டில் பதினைந்து வரிகூட இல்லை என்றால் ஏதோ நடிப்பு நடக்கிறது.

ஆன்லைன் தனி வகுப்பில் பெரும்பாலும் சறுக்குவது கேமரா. லேப்டாப் கேமரா பிள்ளையின் முகத்தைக் காட்டும். வாத்தியாருக்குத் தேவை நோட்டு. பழைய போனை ஒரு ஸ்டாண்டில் நோட்டுக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் கவிழ்த்து வைத்து, அதே மீட்டிங்கில் இரண்டாவது ஆளாக மியூட் செய்து சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆன்லைன் தனி வகுப்பு வெறும் விடை பார்க்கும் மென்பொருள் அளவுக்கு இறங்கிவிடும். கரண்ட் போகும் ஏரியா என்றால் ரூட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யுபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் வழியாக எடுத்தால், டெமோ எடுத்த டீச்சர்தான் தொடர்ந்து வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். டெமோவுக்கு என்றே தனி ஆள் வைத்திருப்பார்கள். நடுவில் டீச்சர் மாறினால் புதியவர் பிள்ளையைப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று வகுப்பு போகும். அதற்கும் உங்கள் பணம்தான்.

ஓட்டை இரண்டு வகுப்புக்கு மேல் கீழே இருக்கும் பிள்ளைக்கும், வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் தனி வாத்தியார்தான் சரி. ஆனால் முடிவுத் தேதியோடு: மூன்று மாதம், நாலு மாதம். வருடக்கணக்கில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே பழகிய பிள்ளை, தேர்வு அறையில் தனியாக உட்காரும்போது முதல் வரிக்கே தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

## சந்தா ஆப்

இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியான் ஆகியோர் டெல்லியில் பள்ளி விட்ட பிறகு நடக்கும் மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றிருந்தார்கள். மென்பொருள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. பலனுக்கு அதுதான் காரணம்.

விளம்பரத்தில் வராத இரண்டு சங்கதி. அந்த மையங்களில் 90 நிமிட வகுப்பில் 45 நிமிடம்தான் கம்ப்யூட்டர்; மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்கார வைத்து ஓர் உதவி ஆசிரியர் நடத்தினார். வாரம் ஆறு நாள். சோபாவில் படுத்துக்கொண்டு டேப்லெட் பார்ப்பதற்கு அந்த எண்கள் பொருந்தாது. இரண்டாவது, ஆய்வாளர்களின் சோதனையில் கணக்கு முன்னேறியது. பள்ளியின் கணக்குத் தேர்வில் அது தெரியவில்லை. கீழ் வகுப்பு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்போது மேல் வகுப்புத் தேர்வில் மார்க் ஏறாது. எந்த வழியை எடுத்தாலும் இந்தத் தாமதம் உண்டு. இரண்டாவது யூனிட் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு "பிரயோஜனமில்லை" என்று நிறுத்திவிடும் வீடுகள் இங்கேதான் தப்பு செய்கின்றன.

பிள்ளையின் நிலைக்கேற்பத் தானே மாறும், "அடாப்டிவ்" என்று எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையா என்று இலவச நாட்களில் நீங்களே சோதிக்கலாம். பின்னக் கூட்டலில் நுழைந்து வேண்டுமென்றே ஐந்து தடவை 3/7 வகைத் தப்பு விடை கொடுங்கள். ஆப் என்ன செய்கிறது? சமான பின்னத்துக்கோ, பின்னம் என்றால் என்ன என்பதற்கோ கீழே இறங்கினால் நல்லது. அதே வீடியோவை மறுபடி ஓட்டினாலோ, எண்ணை மட்டும் மாற்றி அதே கேள்வியைக் கேட்டாலோ, அது கேள்வி வங்கி. அடுத்து, நாலு விடையில் ஒன்றைத் தொடும் கேள்விகள் மட்டும்தானா என்று பாருங்கள். ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் பத்தில் இரண்டு மூன்று குருட்டாம்போக்கில் விழும். எண்ணை அடிக்கச் சொல்லும் கேள்விகள் பாதியாவது இருக்க வேண்டும். பெற்றோர் ரிப்போர்ட்டில் நட்சத்திரமும் நிமிடமும் மட்டும் இருக்கிறதா, தவறிய கேள்விகளும் தெரிகின்றனவா? என்சிஇஆர்டி கணக்குப் புத்தகம் ஆறாம் வகுப்புக்கு 2024-இலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2025-இலும் மாறியது. பாட வரிசை பழைய புத்தகப்படி இருந்தால் பள்ளியும் ஆப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

பணக் கணக்கு: உதாரணத்துக்கு மூன்று வருடப் பேக்கேஜ் 36,000 ரூபாய். "மாதம் ஆயிரம்தான் சார்." ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்றால் அதோடு 6,480. பிள்ளை நாலு மாதத்தில் சலித்துப்போனால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. "ஈஎம்ஐ" என்று சொல்லும்போது அது ஆப் நிறுவனத்தின் தவணையா, மூன்றாவது ஒரு நிதி நிறுவனத்தின் கடனா என்று கேளுங்கள். கடன் என்றால், ஆப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். டிஜிட்டல் கடனுக்கு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும், அபராதமின்றி விலகக் குறுகிய கால அவகாசமும் தர வேண்டும் என்பது 2022-இலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். கார்டு, யுபிஐ தானியங்கி வசூல் 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. சின்னத் தொகை ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

ஆப் யாருக்கு? தானாக உட்காரும் பிள்ளைக்கு. நிலை ஓரளவு சரியாக இருந்து பயிற்சி மட்டும் குறையும் பிள்ளைக்கு. மாதச் சந்தாவில், ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லா வழியையும் அதில் எழுதிவிட்டு விடையை மட்டும் திரையில் இடும் ஒழுங்கோடு.

## இலவசக் கருவி, கூட ஒரு பெரியவர்

கான் அகாடமி முழுக்க இலவசம். இந்தியப் பாடத்திட்டத்துக்கு ஒத்த கணக்குப் பாடங்கள் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் தேர்ச்சிப் படிகள் காட்டும், பெற்றோர் அக்கவுண்டும் திறக்கலாம். என்சிஇஆர்டி புத்தகங்களில் உள்ள க்யூஆர் குறியீட்டை அரசின் தீக்ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். கருவிக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எல்லாம் வாரம் நாலு நாள், நாற்பது நிமிடம், பக்கத்தில் உட்காரும் ஆளுக்குத்தான்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் நேற்றைய தப்பிலிருந்து இரண்டு கணக்கு. அடுத்த பத்து, ஒரு காணொளி; ஒன்றே ஒன்று. பிறகு இருபது நிமிடம் எட்டுக் கணக்கு, நோட்டில். கடைசி ஐந்து, தப்பிய கணக்கைப் பிள்ளை உங்களுக்கு வாய்விட்டு விளக்க வேண்டும். நீங்கள் விளக்கக் கூடாது. கஷ்டமான விதி இதுதான்.

தமிழ் மீடியத்தில் படித்த பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரு தயக்கம் உண்டு: "எனக்கு மீ.சி.ம. தெரியும், அவன் எல்.சி.எம். என்கிறான்." ஒரு தாளில் முப்பது சொல்லை எதிரெதிரே எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிவிட்டால் முடிந்தது. தொகுதி என்றால் நியூமரேட்டர், பகுதி என்றால் டினாமினேட்டர், மீ.பெ.வ. என்றால் எச்.சி.எஃப்., காரணி என்றால் ஃபேக்டர், மடங்கு என்றால் மல்டிபிள், விகிதமுறு எண் என்றால் ரேஷனல் நம்பர். வீட்டில் பேசும் மொழியில் "ஏன்" என்று கேட்கப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது. இந்தச் சௌகரியத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒன்றில் மட்டும் கவனம்: தாத்தா சொல்லித் தரும் குறுக்கு வழி சரியான விடை கொடுக்கும், பள்ளி எதிர்பார்க்கும் படிகளைக் காட்டாது. விடைத்தாளில் பள்ளி வழி, வாய்க்கணக்கில் தாத்தா வழி என்று பிரித்துவிடுங்கள்.

ஏஐ அரட்டைக் கருவிகளும் இந்தப் பையில்தான் வரும். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. சாதாரண ஜிபிடி கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததும், அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. வீட்டுக்கான விதி இதிலிருந்தே வருகிறது: நோட்டில் ஒரு முயற்சி எழுதிய பிறகே போன். போட்டோ எடுத்து அனுப்பும்போது, "விடை சொல்லாதே. நான் எந்த வரியில் தப்பினேன் என்று மட்டும் காட்டி, அடுத்த ஒரு படிக்கு ஒரு கேள்வி கேள்" என்று தட்டச்சு செய்ய வேண்டும். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆகவே அக்கவுண்ட் உங்கள் பெயரில், திறப்பது ஹாலில்.

இந்த வழி உடையும் இடம் கோபம். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு எட்டரைக்கு வந்து, ஒன்பது மணிக்குப் பின்னம் சொல்லித் தருகிறவருக்கு மூன்றாவது தப்பிலேயே குரல் ஏறும். வாரம் இரண்டு தடவைக்கு மேல் அழுகையில் முடிந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. காலை ஆறரைக்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள் தனி வாத்தியாரும், மீதி இரண்டு நாள் கான் அகாடமியும் என்று கலந்துவிடுங்கள். நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று கணக்கில் தவறிய பிள்ளைக்கு இந்தக் கலவைதான் பெரும்பாலும் செலவு குறைந்து பலன் கூடியது.

## கையெழுத்துப் போடும் முன்

ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் மையம் என்றால், மத்திய கல்வி அமைச்சகத்தின் ஜனவரி 2024 வழிகாட்டுதல் கையில் இருக்கட்டும். 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, முழுப் பணம் கட்டி நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்ப வேண்டும், ரேங்க் உறுதி என்று வாக்களிக்கக் கூடாது என்கிறது அது. வழிகாட்டுதல்தான், நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். ஆனாலும் ரசீதோடு காட்டிப் பேசும்போது குரல் மாறும். தெரு ட்யூஷனுக்கு இது பொருந்தாது. அங்கே மாதாமாதம் கட்டுவது ஒன்றே காப்பு.

விற்பனையாளர் போனில் சொன்னதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: மொத்தத் தொகை, ஜிஎஸ்டி, விலகும் விதி, எத்தனை நாளில் பணம் திரும்பும். "இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்" என்றால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். நாளைக்கும் அதே விலைதான் இருக்கும். பணம் மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆறாவது வார ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்துக் கணக்கை எண் மாற்றிக் கொடுங்கள். 403 − 178 இருந்த இடத்தில் 502 − 267, 2/3 + 1/4 இருந்த இடத்தில் 3/5 + 1/2. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வகைத் தப்புகளில் குறைந்தது மூன்று மறைந்திருந்தால் தொடரலாம். இரண்டாவது தாளிலும் 4/7 என்று வந்திருந்தால், மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ட்யூஷன் அக்காவுக்கோ வாத்தியாருக்கோ சொல்லிவிடுங்கள். அடுத்த மாத ஃபீஸ் மிச்சம்.